வாடகை வாங்க வந்த அம்மா: ஒக்டேவியா ஹில் (1838–1912)

எமது பழைய மாணவிகள் சங்கம் நூறு ஆண்டுகளாகக் கொடுத்து வருகிறது. புலமைப்பரிசில், சீருடை, சப்பாத்து, இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு உலர் உணவு, வெள்ளத்துக்குப் பின் பாயும் படங்கும் என்று பட்டியல் நீளும். கொழும்பு, லண்டன், ரொறன்ரோ, சிட்னி என்று எந்தக் கிளையின் கூட்டத்துக்குப் போனாலும், காசு சேர்ப்பதில் எம் அக்காமாரும் தங்கைமாரும் சளைத்தவர்கள் அல்லர் என்பது தெரியும். சேர்த்த காசை எப்படிக் கொடுப்பது, கொடுத்த பின் என்ன செய்வது என்ற பேச்சு எழும்போது மட்டும் தேநீர் வந்துவிடும், கூட்டமும் கலைந்துவிடும். அந்தக் கேள்வியை ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் விடாமல் கேட்டுக்கொண்டிருந்த ஒரு பெண்மணியின் வாழ்க்கையை எழுதுவதற்கு, மலர்க் குழுவினரிடம் இடம் கேட்டு வாங்கினேன்.

ஒக்டேவியா ஹில் 1838 டிசெம்பர் 3ஆம் திகதி இங்கிலாந்தின் விஸ்பீச் என்ற சிறு நகரில் பிறந்தார். தகப்பனார் ஜேம்ஸ் ஹில் தானிய வியாபாரி. வங்கியும் நடத்தியவர். இரு மனைவியரை இழந்து மூன்றாம் தாரமாகக் கரோலினை மணந்தவர். அவருக்கு எட்டாவது பெண்ணாகப் பிறந்ததால், எட்டைக் குறிக்கும் இலத்தீன் சொல்லே பிள்ளைக்குப் பெயராயிற்று. ஒக்டேவியாவுக்கு இரண்டு வயது ஆவதற்குள் தகப்பனாரின் தொழில் முறிந்தது. மனமும் முறிந்தது. அவர் பின்னர் குடும்பத்தைத் தாங்கும் நிலைக்குத் திரும்பவே இல்லை. வசதியாக இருந்த ஒரு வீடு ஓரிரு ஆண்டுகளில் ஒன்றுமில்லாமல் போவதை, பிள்ளை நினைவு தெரிவதற்கு முன்பே அனுபவித்துவிட்டது.

குடும்பத்தைக் கைதூக்கிவிட்டவர் தாயின் தகப்பனார், வைத்தியர் தோமஸ் சவுத்வுட் ஸ்மித். எங்கள் துறையில் பொதுச் சுகாதாரம் படிப்பவர்கள் அவரை அறிவார்கள். லண்டன் காய்ச்சல் மருத்துவமனையில் வேலை செய்த அவர், காய்ச்சலோடு வருபவர்கள் எல்லோரும் திரும்பத் திரும்ப ஒரே சில தெருக்களிலிருந்து வருவதைக் கவனித்தார். 1838இல், பேத்தி பிறந்த அதே ஆண்டில், பெத்னல் கிறீன், வைற்சப்பல் பகுதிகளைப் பற்றி அரசாங்கத்துக்கு ஓர் அறிக்கை எழுதினார். வடிகால் இல்லாத முற்றங்கள், காற்றுப் புகாத அறைகள், குவிந்து கிடக்கும் கழிவு, அவற்றின் நடுவே காய்ச்சல். நோய் கெட்ட காற்றினால் பரவுகிறது என்றே அக்காலத்து வைத்தியர்கள் பலரைப் போல அவரும் நம்பினார். கிருமிகளைப் பற்றிய அறிவு பின்னால்தான் வந்தது. காரணம் பிழையாக இருந்தாலும் இடத்தைச் சரியாகவே காட்டினார். முதியவரின் எழுத்துகளைப் பிரதியெடுத்துக் கொடுத்தவர்களில் சிறுமி ஒக்டேவியாவும் ஒருவர். மற்றப் பிள்ளைகள் கதைப் புத்தகத்தில் எழுத்துக்கூட்டும் வயதில், அவர் ஏழைகளின் அறைகளைப் பற்றி எழுதிப் பழகினார்.

பள்ளிக்கூடம் என்று ஒன்றுக்கும் அவர் போனதில்லை. கல்வியைப் பற்றி எழுதும் ஆற்றல் பெற்றிருந்த தாயே வீட்டில் படிப்பித்தார். 1852இல் தாய்க்கு லண்டனில் வேலை கிடைத்தது. வேலையற்ற பெண்களுக்குத் தொழில் கொடுக்கும் ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் முகாமையாளர் பதவி அது. அங்கே மிக வறிய பிள்ளைகள் பொம்மை வீடுகளுக்கான மேசை, கதிரைகள் செய்யும் ஒரு பட்டறை இருந்தது. அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு ஒக்டேவியாவிடம் வந்தது. வயது 14. கீழே வேலை செய்த பிள்ளைகளில் சிலர் ஏறக்குறைய அவருடைய வயதினர். வேலையைப் பங்கிட்டார், கணக்கெழுதினார், வாசித்துக் காட்டினார். எந்தப் பிள்ளை ஏன் வரவில்லை என்று விசாரிக்கப் போய் அவர்களுடைய வீடுகளையும் தெரிந்துகொண்டார். பாட்டனாரின் அறிக்கைகளில் எழுத்தாக இருந்தவை இப்போது பெயரும் முகமும் உள்ள பிள்ளைகளாக எதிரே நின்றன.

அந்தக் காலத்தில் அவருடைய வாழ்வில் இருவர் வந்தார்கள். ஒருவர் பிரெடரிக் மொறிஸ் என்ற சமய அறிஞர். தொழிலாளர் கல்லூரியில் பெண்களுக்கென நடந்த வகுப்புகளுக்கு 1856இல் ஒக்டேவியா செயலாளரானார். மற்றவர் கலை விமர்சகர் ஜோன் ரஸ்கின். பழைய ஓவியங்களைப் பார்த்து அப்படியே வரைந்து கொடுக்கும் வேலையை ரஸ்கின் அவருக்குக் கொடுத்தார். ஆண்டுக்கணக்காக லண்டன் ஓவியக் கூடங்களில் நின்று அந்த வேலையைச் செய்தார். பிறகு சகோதரிகளோடு சேர்ந்து மெரிலபோன் பகுதியில் நொட்டிங்காம் பிளேஸ் என்ற தெருவில் பெண்பிள்ளைகளுக்கு ஒரு சிறு பள்ளிக்கூடமும் நடத்தினார். பள்ளிக்கூடத்துக்கே போகாதவர் பள்ளிக்கூடம் நடத்தியது எங்களைப் போன்றவர்களுக்குச் சுவையான செய்தி.

அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதியவர்கள் இங்கே ஒரு சம்பவத்தைச் சொல்வார்கள். அயலில் இருந்த ஏழைத் தாய்மார் வாரத்தில் ஒரு மாலை அவருடைய வீட்டில் கூடித் துணி வெட்டித் தைப்பது வழக்கம். ஒருநாள் அவர்களில் ஒருவர் மயங்கி விழுந்தார். அவரை வீட்டுக்குக் கொண்டுபோய் விட்டபோது, அந்த வீடு நிலத்துக்குக் கீழே ஈரம் ஊறும் ஓர் அறை என்று தெரிந்தது. வேறு இடம் தேடி ஒக்டேவியா தெருத் தெருவாக அலைந்தார். பிள்ளை குட்டிகளோடு உள்ள ஒரு தாய்க்கு, அவர் கொடுக்கக்கூடிய வாடகையில், மனிதர் வாழத்தக்க ஓர் அறை கிடைக்கவில்லை.

அன்றைய லண்டனை இங்கே கொஞ்சம் விளங்கிக்கொள்ள வேண்டும். கிராமங்களிலிருந்து மக்கள் வந்து குவிந்துகொண்டிருந்தார்கள். ரயில் பாதைகளுக்கும் புதிய வீதிகளுக்கும் ஏழைகளின் தெருக்கள் இடிக்கப்பட்டன. இடிக்கப்பட்ட வீடுகளில் இருந்தவர்கள் பக்கத்துத் தெருவில் இன்னும் நெருக்கமாக ஒதுங்கினார்கள். ஒரு குடும்பத்துக்கு ஓர் அறை என்பதே வழமை. நிலத்துக்குச் சொந்தக்காரர் ஒருவர், குத்தகைக்கு எடுத்தவர் ஒருவர், அவரிடம் வீட்டை எடுத்து அறை அறையாக வாடகைக்கு விடுபவர் இன்னொருவர். கூரை ஒழுகினால் எவரிடம் சொல்வது என்று குடியிருப்பவருக்குத் தெரியாது. வாரக் கடைசியில் வாடகை கேட்டு வருபவரை மட்டும் தெரியும். அதுவும் தவறினால் தெரு. தெருவுக்கு வந்தவர்களுக்கு மிஞ்சியது வேர்க்ஹவுஸ் எனப்பட்ட ஏழைகள் விடுதி. அங்கே கணவன் ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம், பிள்ளைகள் ஒரு பக்கம் என்று பிரித்துவிடுவார்கள். 1862இல் தொடங்கிய பீபொடி அறக்கட்டளை போன்றவை நல்ல மாடிக் குடியிருப்புகளைக் கட்டத்தான் செய்தன. அவற்றின் வாடகை ஒழுங்கான சம்பளம் உள்ள தொழிலாளிக்குக் கட்டுபடியாகும். நாட்கூலிக்காரருக்கும் கூடையில் பொருள் விற்பவருக்கும் கட்டுபடியாகாது.

1864இல் ரஸ்கினின் தகப்பனார் இறந்தார். மகனுக்குப் பெருஞ்செல்வம் வந்தது. அதை எப்படிப் பயன்படுத்துவது என்ற பேச்சில் ஒக்டேவியா தன் எண்ணத்தைச் சொன்னார். 1865இல் ரஸ்கின் 750 பவுண் கொடுத்து, பள்ளிக்கூடத்துக்கு அண்மையில் பரடைஸ் பிளேஸ் என்ற தெருவில், ஆறு அறைகள் கொண்ட மூன்று வீடுகளின் குத்தகையை வாங்கினார். சொர்க்கம் என்று பெயர் வைத்த அந்தத் தெருவில் அழுக்கும் சண்டையும்தான் இருந்தன. ரஸ்கின் ஒரு நிபந்தனை வைத்தார். போட்ட பணத்துக்கு ஆண்டுக்கு 5 வீதம் வருமானம் வர வேண்டும். இது அவருடைய ஆசைக்காக அல்ல. தர்மமாகச் செய்தால் ஒரு செல்வந்தரோடு முடிந்துவிடும், நியாயமான வருமானம் வரும் என்று காட்டினால் மற்றவர்களும் பணம் போடுவார்கள் என்பது கணக்கு. ஒக்டேவியாவுக்கு அப்போது வயது 26.

அவர் செய்தவற்றைக் கேட்டால் மிகச் சாதாரணமாக இருக்கும். வடிகாலைத் துப்புரவாக்கினார். தண்ணீர்த் தொட்டியைத் திருத்தினார். சுவர்களுக்கு வெள்ளையடித்தார். குடியிருந்தவர்களை வெளியேற்றிவிட்டு நல்ல குடிகளைக் கொண்டுவரவில்லை. இருந்தவர்களை வைத்துக்கொண்டே படிப்படியாகத் திருத்தினார். எல்லாவற்றையும் ஒரே நாளில் புதிதாக்கவும் இல்லை. ஒரு குடும்பம் ஓர் அறையில் நெருங்கி வாழ்ந்தால், இரண்டாவது அறையையும் எடுக்கக்கூடிய விதத்தில் வாடகையைக் குறைத்துக் கொடுத்தார்.

அடுத்தது பணம். ஒவ்வொரு வீட்டுக்கும் திருத்த வேலைக்கென ஆண்டுதோறும் ஒரு தொகையை ஒதுக்கினார். யன்னல் உடையாமலும் கதவு கழன்று விழாமலும் பார்த்துக்கொண்டால் அந்தத் தொகையில் மிச்சம் வரும். அந்த மிச்சத்தில் என்ன செய்யலாம் என்று குடியிருப்பவர்களையே கேட்டார். ஒருவர் அலுமாரி கேட்பார், இன்னொருவர் துணி துவைக்க வசதி கேட்பார். கேட்டது வந்தது. வேலை குறைந்த பருவத்தில் பூச்சு வேலை, தச்சு வேலை, கழுவும் வேலை எல்லாவற்றையும் குடியிருப்பவர்களுக்கே கொடுத்தார். கூலி கிடைக்கும், அதிலிருந்து வாடகையும் கட்டலாம். அவசரமில்லாத திருத்தங்களை அந்தப் பருவத்துக்கென்றே பிற்போட்டு வைப்பார். 1866இல் ரஸ்கின் ஃபிரெஷ்வோட்டர் பிளேஸ் என்ற இடத்தில் மேலும் ஐந்து வீடுகளை வாங்கியபோது, அவற்றின் முன்னால் மாட்டுக் கொட்டில்களும் எருக்குவியல்களுமாகக் கிடந்த நிலத்தைப் பிள்ளைகள் விளையாடும் முற்றமாக்கினார். ரஸ்கின் அங்கே மரங்கள் நட ஏற்பாடு செய்தார்.

இவற்றுக்கெல்லாம் நடுவில் இருந்தது வாரந்தோறும் வாசலில் கேட்கும் ஒரு தட்டல். வாடகையை வாங்க ஆளை அனுப்பாமல் தானே போனார். கதவைத் தட்டி, திறக்கும்வரை நிற்பார். அழையாமல் உள்ளே நுழைவதில்லை. வாடகையை வாங்கிப் புத்தகத்தில் பதிவார். அதோடு கூரை எப்படி, குழாய் எப்படி என்று பார்ப்பார். மூத்த மகளுக்கு வேலை கிடைத்ததா, சின்னவன் பள்ளிக்கூடம் போகிறானா என்று கேட்பார். காசு கொண்டுவரும் தர்மவானாக அவர் அந்த வாசலுக்குப் போகவில்லை, காசு வாங்கப் போனார். அதனால் குடியிருப்பவர் கையேந்தி நிற்கத் தேவையில்லை. வாடகை கொடுத்தவள் என்ற உரிமையோடு, யன்னல் பூட்டு இன்னும் சரிவரவில்லை என்று முறையிடலாம். முறைப்பாட்டைக் கேட்டவர் அடுத்த வாரமும் வருவார், திருத்தாமல் வந்தால் அவருக்கே கூச்சம். இந்த வாராந்த வருகைதான் அவருடைய கண்டுபிடிப்பு என்று நான் நினைக்கிறேன்.

லண்டனில் குடும்ப வைத்தியராக வேலை செய்யும் எனக்கு இதன் அருமை தெரியும். தொய்வோடு வரும் பிள்ளைக்கு மருந்தும் உறிஞ்சியும் எழுதிக் கொடுக்கிறோம். சுகமாகிப் போகிறது. மூன்று கிழமையில் திரும்பவும் வருகிறது. படுக்கும் அறையின் சுவரில் பூஞ்சணம் என்று தாய் தொலைபேசியில் படம் எடுத்துக் காட்டுகிறார். வீட்டுக்காரருக்கு நான் கடிதம் எழுதுகிறேன். கடிதத்துக்குப் பதில் வருவதற்குள் குளிர்காலம் முடிந்துவிடும். ஒரு மனிதர் வாரந்தோறும் அந்த வாசலில் நின்று சுவரைத் தன் கண்ணால் பார்த்தால் என்ன நடக்கும் என்பதை ஒக்டேவியா 160 ஆண்டுகளுக்கு முன் செய்து காட்டிவிட்டார். பாட்டனார் நோயின் இருப்பிடத்தைச் சொன்னார். பேத்தி அந்த இருப்பிடத்தின் படியேறினார்.

அவருடைய மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும், அது கடினமான பக்கம். வாடகை தவறக்கூடாது என்பதில் அவர் இளகவே மாட்டார். தொடர்ந்து தவறியவர்களையும், அயலவரைத் தொல்லைப்படுத்தியவர்களையும் வெளியேற்றினார். இலவசமாகக் காசோ ரொட்டிச் சீட்டோ கொடுப்பதை வெறுத்தார். 1869இல் லண்டனின் தர்ம உதவிகளை ஒழுங்குபடுத்துவதற்கு ஒரு சங்கம் உருவானபோது அதன் தொடக்க உறுப்பினர்களில் ஒருவரானார். கேட்பவர் நிலையை விசாரித்து, உதவத் தகுந்தவர் என்று கண்டால் மட்டும் உதவுவது அச்சங்கத்தின் முறை. ஒழுங்கில்லாத இலவசம் கூலியைக் குறைக்கும், பொய் சொல்லப் பழக்கும், கொடுத்தவருக்குத் திருப்தியையும் பெற்றவருக்குத் தாழ்வையும் தரும் என்பது அவருடைய வாதம். அதில் உண்மை உண்டு. ஆனால் நல்ல ஏழை, கெட்ட ஏழை என்று தரம் பிரிக்கும் அதிகாரம் வசதியுள்ளவர் கைக்குப் போனதும் உண்மை. அன்பாக நலம் விசாரித்த அதே கையில்தான் வாடகைப் புத்தகமும் வெளியேற்றும் கடிதமும் இருந்தன. சிரித்த முகத்தோடு கதவைத் திறந்த தாய்மாரில் எத்தனை பேர் மனதுக்குள் பயந்தபடி திறந்திருப்பார்கள்?

வேலை பெருகியது. பணம் போட்ட மற்றவர்களும் தங்கள் வீடுகளை அவரிடம் ஒப்படைத்தார்கள். 1874 அளவில் 15 இடங்களில் ஏறக்குறைய 3,000 பேர் அவருடைய மேற்பார்வையில் இருந்த வீடுகளில் வாழ்ந்தார்கள். தனி ஒருவரால் அத்தனை வாசலையும் தட்ட முடியாது. அதனால் பெண்களைப் பழக்கினார். கணக்கு வைப்பது, வடிகால் அமைப்பு, குத்தகைச் சட்டம், குடும்பங்களோடு பேசும் விதம் எல்லாவற்றையும் கற்பித்தார். நல்ல மனம் மட்டும் போதாது, வேலை தெரிந்திருக்க வேண்டும் என்று வற்புறுத்தினார். அவரிடம் பழகிய ஹென்றியற்றா பின்னர் கணவர் சாமுவேல் பார்னெற்றோடு வைற்சப்பலுக்குப் போய், 1884இல் டொயின்பி ஹோல் என்ற சமூக நிலையத்தை உருவாக்கினார். அந்த நிலையத்தைப் பார்த்துவிட்டுப் போன ஜேன் அடம்ஸ், 1889இல் சிக்காகோ நகரில் ஹல் ஹவுஸைத் தொடங்கினார். இன்னொரு துணைவியான எம்மா கொன்ஸ், ஓல்ட் விக் என்று இன்று உலகம் அறிந்த நாடக அரங்கைத் தொழிலாளர் குடும்பங்களுக்காக எடுத்து நடத்தினார். அமெரிக்காவின் பிலடெல்பியாவில் 1896இல் ஒக்டேவியாவின் பெயரிலேயே ஒரு வீட்டுச் சங்கம் அமைந்தது. பெண்களுக்கு வெளியே பெரிய தொழில்கள் மறுக்கப்பட்ட காலத்தில், வீடுகளை முகாமை செய்வது பயிற்சி பெற்ற பெண்களின் தொழிலாயிற்று.

1877இல் அவர் உடைந்து போனார். திருமண நிச்சயம் ஒன்று முறிந்தது. வேலைப் பளு ஏற்கெனவே உடலை வாட்டியிருந்தது. அதே காலத்தில் ரஸ்கினோடு மனக்கசப்பு ஏற்பட்டது. நடைமுறைக் காரியங்களில் தனக்குத் திறமையில்லை என்று ஒக்டேவியா சொன்னதாகக் கேள்விப்பட்ட ரஸ்கின், இருவருக்கும் இடையே நடந்த கடிதப் போக்குவரத்தைத் தன் வெளியீட்டில் அச்சிட்டார். 39 வயதுக்குள் எல்லாம் முடிந்ததுபோல் இருந்தது. வேலையை மற்றவர்களிடம் விட்டுவிட்டு நீண்ட காலம் வெளிநாடுகளில் ஓய்வெடுத்தார். அந்த நாட்களில் துணையாக வந்த ஹரியட் யோர்க் அதன் பின் கடைசிவரை பிரியவில்லை. ஒக்டேவியா இல்லாத நாட்களிலும் அவர் பழக்கிய பெண்கள் வாசல்களைத் தட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். ஒரு நிறுவனத்தை உருவாக்கியவருக்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை.

திரும்பி வந்தவருக்கு 1884இல் இங்கிலாந்துத் திருச்சபையின் சொத்துகளைப் பராமரிக்கும் ஆணையாளர்கள் தெற்கு லண்டனில் தங்களுக்குச் சொந்தமான வீடுகளை ஒப்படைத்தார்கள். சதக் பகுதியில், ஒரு காலத்தில் காகிதத் தொழிற்சாலை நின்ற நிலத்தில், 1887இல் ரெட் குரொஸ் தோட்டம் திறக்கப்பட்டது. பக்கத்திலே ஒரு மண்டபமும் வரிசையாகச் சிறு வீடுகளும் எழுந்தன. அந்தத் தோட்டம் இன்றும் இருக்கிறது. சிறு குளம், பூப்பாத்திகள், வாங்குகள். லண்டனுக்கு வரும் எம் பழைய மாணவிகள் பெரிய அரண்மனைகளைப் பார்த்த பின் அரை மணித்தியாலம் அங்கேயும் போய் இருந்து பார்க்கலாம். ஏழைக்கும் உட்கார ஓர் இடம், விளையாட ஓர் இடம், பார்க்க ஒரு பூ வேண்டும் என்று அவர் நம்பினார். அந்த நம்பிக்கைதான் அவரை லண்டனின் திறந்தவெளிகளைக் காக்கும் போராட்டங்களுக்குக் கொண்டுபோனது. 1895இல் றொபேட் ஹண்டர், ஹார்ட்விக் றோன்ஸ்லி ஆகியோரோடு சேர்ந்து நஷனல் ட்ரஸ்ட் என்ற அமைப்பை நிறுவினார். இன்று அவருடைய பெயர் பலருக்கும் அதனால்தான் தெரியும்.

முதுமையில் காலம் அவரைத் தாண்டிப் போனது. 1886இல் சார்ள்ஸ் பூத் லண்டனின் வறுமையைத் தெருத் தெருவாக அளக்கத் தொடங்கினார். நகர மக்களில் ஏறக்குறைய 30 வீதத்தினர் வறுமையில் வாழ்வது அந்த ஆய்வில் தெரிந்தது. இலட்சக்கணக்கானவர்களின் வறுமையை வாசல் வாசலாகத் தீர்க்க முடியாது, அரசாங்கம் பொறுப்பேற்க வேண்டும் என்ற குரல் வலுத்தது. ஒக்டேவியா அதை ஏற்கவில்லை. நகர சபைகள் வீடு கட்டி வாடகைக்கு விடுவதை எதிர்த்தார். 1908இல் சட்டமான முதியோர் ஓய்வூதியத்தையும் எதிர்த்தார். பெண்களுக்கு வாக்குரிமை கேட்டவர்களோடும் சேரவில்லை. 1905 முதல் 1909 வரை வறியோர் சட்டத்தை ஆராய்ந்த ஆணைக்குழுவில் அவரும் இருந்தார், பியற்றிஸ் வெப்பும் இருந்தார். வறுமையைத் தடுப்பது அரசின் கடமை என்று வெப் தனி அறிக்கை எழுதினார். ஒக்டேவியா பழைய பக்கத்திலேயே நின்றார். வேலையே இல்லாதவர், நோயாளி, வயோதிபர், வாடகை என்று ஒரு சதமும் கொடுக்க வழியில்லாதவர் ஆகியோருக்கு அவருடைய முறையில் இடம் இல்லை. அவர்களைக் காத்தது பிற்காலத்து ஓய்வூதியமும் நகர சபை வீடுகளும்தான். நான் வேலை செய்யும் இலவச மருத்துவ சேவையும் அவர் அஞ்சிய வழியிலேயே வந்தது.

ஆனாலும் அவர் அஞ்சியதில் ஒரு பங்கு நடந்தேறியது. லண்டன் கவுண்டி சபை பெரிய சேரி ஒன்றை இடித்து, 1900இல் பவுண்டரி எஸ்டேட் என்ற அழகிய குடியிருப்பைத் திறந்தபோது, பழைய சேரியில் இருந்தவர்களில் மிகச் சிலருக்கே அங்கே இடம் கிடைத்தது. வீடு புதிதாயிற்று, குடியிருந்தவர்கள் காணாமல் போனார்கள். அரசாங்கத்தால் எல்லோருக்கும் கொடுக்க முடியும், எல்லோருடைய பெயரையும் தெரிந்திருக்க முடியாது. ஒக்டேவியாவுக்குப் பெயர் தெரியும், எல்லோருக்கும் கொடுக்க முடியாது. இரண்டும் வேண்டும் என்பதை நாம் இன்று சொல்வது எளிது, அதற்கு நூறு ஆண்டு அனுபவம் நமக்குப் பின்னால் இருக்கிறது.

எம்மில் பலருக்கு இது புத்தகத்தில் படித்த விடயம் அல்ல. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்திலிருந்து தென்மராட்சிக்கு மழையில் நடந்தவர்களில் நானும் ஒருத்தி. எனக்கு அப்போது 14 வயது. ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் ஆறு குடும்பங்கள் இருந்தோம். உதவி வந்தது, அதை மறக்க முடியாது. ஆனால் இரண்டு விதமாக வந்தது. ஓரிடத்தில் வெயிலில் நிரையில் நிற்க வைத்து, படம் எடுத்து, எங்களை நிமிர்ந்து பாராமலே பொதியைக் கையில் வைத்தார்கள். இன்னொரு முறை, அயலூரிலிருந்து ஒரு வயதான அம்மா கொப்பியோடு வந்தார். எங்கள் எல்லோருடைய பெயரையும் எழுதினார். என்ன வேணும் பிள்ளை என்று எங்கள் அம்மாவைக் கேட்டார். அரிசிதான் கேட்பார் என்று நான் நினைத்தேன். அம்மா ஊசியும் நூலும் கேட்டார். அடுத்த கிழமை அந்த அம்மா ஊசியும் நூலும் கொண்டுவந்தார், என் தம்பியின் இருமல் எப்படி என்றும் விசாரித்தார். அந்தப் பொதியில் என்ன இருந்தது என்பது எனக்கு இப்போது நினைவில் இல்லை. ஊசிப் பெட்டியின் நிறம் நினைவிருக்கிறது.

அதனால்தான் ஒக்டேவியாவின் வாழ்க்கையில் எமது சங்கம் எடுத்துக்கொள்ளக்கூடிய காரியங்கள் உண்டு என்கிறேன். உதவி பெறும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் சங்கத்தில் பெயர் சொல்லி அழைக்கக்கூடிய ஒருவர் இருக்கட்டும். அவர் ஒருநாள் மட்டும் போகாமல் திரும்பத் திரும்பப் போகட்டும். புதிதாகக் கட்டுவதற்குச் சேர்க்கும் பணத்தில் ஒரு பங்கைத் திருத்துவதற்கென்று ஒதுக்குவோம். எமது பெயர் பொறித்த மலசலகூடத்தின் குழாய் உடைந்தால் எவருக்குச் சொல்வது என்பது அந்த வீட்டாருக்குத் தெரிந்திருக்க வேண்டும். என்ன வேண்டும் என்று கேட்டுவிட்டுக் கொடுப்போம். வேலை கொடுக்கக்கூடிய இடத்தில் வேலையைக் கொடுப்போம். படம் எடுப்பதைக் குறைப்போம். அவர் தவறிய இடத்தில் நாம் தவறாமல் இருப்பதும் நம் கையில் இருக்கிறது. தகுதி பார்த்துத் தள்ளிவிடாமல், அரசாங்கத்திடம் கிடைக்க வேண்டிய கொடுப்பனவுகளையும் காணி உறுதியையும் பெற்றுக்கொள்ள அந்தக் குடும்பங்களுக்குத் துணை போகலாம். விண்ணப்பம் நிரப்பத் தெரிந்த பழைய மாணவிகள் எம்மிடம் நூற்றுக்கணக்கில் இருக்கிறார்கள்.

ஒக்டேவியா ஹில் 1912 ஓகஸ்ட் 13ஆம் திகதி, 73ஆவது வயதில், மெரிலபோனில் இருந்த தன் வீட்டில் காலமானார். நாட்டின் பெரியோரை அடக்கம் செய்யும் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அவருக்கும் இடம் தர முன்வந்தார்கள். அவருடைய விருப்பப்படி, கென்ற் பகுதியில் குரொக்கம் ஹில் என்ற கிராமத்தில், முன்னரே மறைந்த சகோதரி மிராண்டாவின் அருகில் அடக்கம் செய்தார்கள்.

1872 முதல் 1911 வரை, தன்னோடு வேலை செய்தவர்களுக்கும் பணம் தந்தவர்களுக்கும் அவர் ஆண்டுதோறும் ஒரு கடிதத்தை அச்சிட்டு அனுப்பி வந்தார். அந்த ஆண்டில் எந்தத் தெருவில் என்ன நடந்தது, எது சரிவரவில்லை, வந்த காசு எவருக்கு எதற்காகச் செலவானது என்று அதில் எழுதியிருப்பார். கடைசியில் கணக்கு இருக்கும். இரண்டாவது நூறாண்டில் காலடி வைக்கும் எமது பழைய மாணவிகள் சங்கம் ஆண்டுக்கு ஒருமுறை அப்படி ஒரு கடிதத்தை எழுதி, உலகெங்கும் உள்ள எங்களுக்கெல்லாம் அனுப்பினால், அடுத்த நூற்றாண்டு மலரை எழுதப்போகும் தங்கைக்கு எழுதுவதற்கு நிறைய இருக்கும். சங்கம் நீடு வாழ்க.